பிடிகயிற்றோடு வந்த புல்டோசர்

நொச்சிவலசுப் பொங்கியண்ணன் தன்னுடைய ஐம்பத்தாறாவது வயதில் ஒரு பழைய புல்டோசரைப் பிடிகயிற்றோடு வாங்கி வந்ததும், அந்தப் புல்டோசர் அவருடைய நாலு ஏக்கர் கல்லாங்காட்டைச் சமன்செய்யப் போய் அதில் பதினேழு வீட்டுத் தெரு ஒன்றை எழுப்பிவிட்டதும் நடந்த அந்தச் சித்திரை மாதத்தில், ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மாரியம்மன் பொங்கல் முடிந்திருந்தது, மழை இல்லை, தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வந்துபோனது.

பொங்கியண்ணன் மாட்டுத் தரகர், முப்பது வருஷம் சந்தையில் நின்றவர். மாட்டுத் தரகு என்பது பாதி நாக்கு, பாதி சந்தேகம். அவரிடம் நாக்கு கால் பங்குதான், மிச்சமெல்லாம் சந்தேகம். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டு எடுத்து, துளி எப்படி வழிகிறதென்று பார்த்த பிறகுதான் சொம்பை உள்ளே அனுப்புவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் நம்மை எதற்குக் கூப்பிடுகிறான் என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். சுவர்க் கடிகாரம் பத்து அடித்தால் வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு திரும்பிப் போவார். "உங்களுக்கு உங்க நெழலு மேலயே நம்பிக்கை இல்லீங்" என்பாள் அவர் மனைவி தெய்வாத்தாள். அவரும் குனிந்து ஒருமுறை நிழலைப் பார்ப்பார்.

அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் அவருக்கு விழுந்தது அந்தக் கல்லாங்காடு மட்டும்தான். பிள்ளை குட்டி இல்லை, வேறு நிலம் இல்லை. மேடும் பள்ளமுமாய், கொழுக்கட்டைப் புல்லும் வேலாமரமுமாய்க் கிடந்த அதைச் சமன்செய்து முருங்கை வைத்துவிட்டால் சாகும்வரைக்கும் புருசனும் பெண்டாட்டியும் ஒருவரிடமும் கை ஏந்தாமல் சாப்பிடலாம் என்பது அவர்கள் இருவரும் பத்து வருஷமாகப் பேசிப் பேசித் தேய்த்துவைத்திருந்த கணக்கு. வாடகைக்கு டோசர் பிடித்திருக்கலாம். ஆனால் வாடகை டோசர்காரன் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து டீ குடிப்பான், மீட்டர் அவன் பக்கம் நின்று ஓடிக்கொண்டிருக்கும் என்று பொங்கியண்ணனுக்குத் தெரியும். அதனால் சொந்தமாகவே ஒன்று வாங்கி, முதலில் தன் காட்டை முடித்து, பிறகு அக்கம்பக்கத்துக் காடுகளுக்கு ஓட்டலாமென்று, தொழுவத்தில் கடைசியாக இருந்த காங்கேயம் ஜோடியை விற்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரூர் ரோட்டுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே வையாபுரி என்றொரு மண்வேலைக் காண்ட்ராக்டர் இருந்தார். ஒரு காலத்தில் நாலு வண்டி வைத்து ஓட்டியவர், மூன்றை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி வைத்திருந்தார். புதுப் பெயிண்ட் அடித்து மஞ்சளாய் மின்னியது. கொம்பைச் சீவி எண்ணெய் தடவிய மாடுகளை எத்தனையோ பார்த்தவர் பொங்கியண்ணன். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். செயின் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். பல்சக்கரத்தின் பல்லை, உதட்டைத் தூக்காத குறையாக, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலவே பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் காலை ஏழு மணிக்கே வந்திருந்ததால் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று. குளிர்ந்திருந்தது. குளிர்ந்திருப்பதும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"இது எங்கெங்க வேல பார்த்துச்சுங்?"

"எல்லாப் பக்கமும்தானுங்" என்றார் வையாபுரி. "கடைசியா எல்லக்காட்டுல."

"அப்புறம்?"

"அப்புறம் எங்கயும் போகலீங். ஒம்பது வருசமாச்சு."

"வண்டில கோளாறுங்களா?"

"வண்டில இல்லீங். எனக்கு மனசு வரல."

மனசு வரவில்லை என்று சொல்லி விற்கிற ஆளை எந்தச் சந்தையிலும் பொங்கியண்ணன் பார்த்ததில்லை. துண்டை எடுத்து வையாபுரியின் வலதுகையின் மேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு, விரலைப் பிடித்து, மடக்கி, விட்டு, மறுபடி பிடித்து, வாயால் ஒரு வார்த்தையும் பேசாமல் இருவரும் விலை பேசினார்கள். மாட்டுக்கு மட்டுமே நடக்கிற அந்தத் துண்டுப் பேரம் ஒரு புல்டோசருக்கு நடந்தது அந்தக் கொட்டகையில்தான் முதல்தடவையாக இருக்கும். சீக்கிரமே படிந்துவிட்டது. சீக்கிரம் படிந்ததும் அவருக்கு உறுத்தியது.

வையாபுரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கத்தாழை நாரில் திரித்த ஒரு பழைய கயிற்றில் அது கோத்திருந்தது. கூடவே துருவேறிய இரும்புச் சாவி ஒன்றும், அந்தக்காலத்துக் கதவுச் சாவி, அதில் தொங்கியது.

"வண்டிச் சாவியக் கழட்டிக் குடுத்தர்றனுங். கயிறு எங்கிட்டயே இருக்கட்டும்."

நியாயமான பேச்சுதான் அது. மாட்டை விற்கிறவர் பிடிகயிற்றை விற்பதில்லை; கயிற்றை அவிழ்த்து அவர் வைத்துக்கொள்வார், வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டிக்கொண்டு போகவேண்டும். பழைய கயிற்றோடு போன மாடு பழைய வீட்டை மறக்காது, என்றைக்காவது அறுத்துக்கொண்டு ஓடிவந்து பழைய பட்டிவாசலில் நின்று கத்தும். இந்த வழக்கத்துக்காக முப்பது வருஷமும் எத்தனை பேரிடம் சண்டை பிடித்திருக்கிறார் பொங்கியண்ணன். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணெல்லாம் அந்த இரும்புச் சாவி மேலேயே இருந்தது.

"அது எதோட சாவிங்?"

"அது பழசுங். உங்களுக்கு ஆகாது."

ஆகாது என்ற சொல் அவரைத் தேளாய்க் கொட்டியது. ஆகாத பொருளை ஒருத்தர் எதற்கு ஒன்பது வருஷம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்? வண்டியின் கூடவே சேரவேண்டிய ஏதோ ஒன்றை ஒதுக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"கயித்தோட குடுத்தா வண்டி. இல்லாட்டி எனக்கு வேண்டாமுங்."

வையாபுரி கயிற்றை மறுபடி இடுப்பில் செருகப் போனார். பிறகு கயிற்றை அப்படியே இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அப்போது அவர் முகத்தில் என்னவோ ஒன்று வந்துபோனது. அதைப் பார்த்த பொங்கியண்ணன் தான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

வண்டி டிரெய்லரில் வந்து இறங்கியது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் செயினுக்கு அடியில் வைத்து நசுக்கி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த சகாயம் என்கிற ஆப்பரேட்டர் ஏறி உட்கார்ந்தான். பிளேடை இறக்கி, வடகோடி மேட்டை இருபதடி தூரம் தள்ளிக்கொண்டு போய்ப் பின்வாங்கினான். சமமாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துவைகல் இருந்தது. கல் ஈரமாக இருந்தது, ஓரத்தில் சோப்பு நுரை இன்னும் உடையாமல் இருந்தது.

"அண்ணே, பிளேடை லேசாத்தான்ணே விட்டேன்" என்றான் சகாயம்.

பொங்கியண்ணன் நுரையைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டுக் கருப்பணனின் வீட்டில் என்ன சோப்பு போடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என நினைத்துக்கொண்டார். இரண்டாவது தள்ளலில் மஞ்சள் பூசிய வாசற்படிக் கல் வந்தது. மூன்றாவதில் முழங்கால் உயர மண்சுவர், நாலாவதில் சாம்பல் ஆறாத அடுப்பு. மதியச் சோற்றுக்குள் கூரையும் கதவும் இல்லாத ஒரு வீடு இடுப்பளவு நின்றது. சாயங்காலத்துக்குள் அதற்குத் துணையாக இன்னொன்று நின்றது, இரண்டுக்கும் நடுவில் வயசான ஒரு வேப்பமரம் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை மண்ணை எந்தப் பக்கம் தள்ளினாலும் மண் போன வழியே வீடு வந்தது. சகாயம் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு, "நாளைக்குக் கிழக்கால இருந்து பிடிச்சுப் பார்ப்போம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிழக்கே இருந்து பிடித்தபோது மூன்றாவது வீட்டின் பின்கட்டு முதலில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நொச்சிவலசு அந்தத் தெருவை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். வீடு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பொங்கியண்ணன் காட்டில் எதற்கு வந்தது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். புதையல் எடுக்கிறார், மறைக்கத்தான் சுவர் என்றார்கள் டீக்கடையில். அனுமதி வாங்காமல் மனை போட்டு விற்கப் போகிறார் என்றார்கள் பால் சொசைட்டியில். வெளியூர்க்காரர்களைக் குடிவைத்து ஓட்டு வாங்கி வார்டு மெம்பராகப் பார்க்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பி, இப்போதைய மெம்பர் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்படிப் பேசிக்கொண்டே பெண்கள் அந்தத் துவைகல்லில் துணி துவைத்தார்கள், கல் நல்ல சொரசொரப்பு என்று பேர் வாங்கியது. வெயிலுக்கு வாகான வாசல்களில் மிளகாய் காயப்போட்டார்கள். சுவர் மறைவில் வெள்ளாடுகள் கட்டினார்கள். மினி பஸ் டிரைவர் யாரும் கேட்காமலேயே தெரு முனையில் ஒரு பிரேக் போட்டுப் போனார். மின்வாரியத்து ஆள் ஒருவர் வந்து மீட்டர் எங்கே என்று ஒவ்வொரு சுவராகத் தேடிவிட்டு, இல்லாததால் சந்தேகப்பட்டு எழுதிக்கொண்டு போனார். கிராம நிர்வாக அலுவலர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்.

"பொறம்போக்குல தெரு வந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். பட்டாக் காட்டுல தெரு வந்தா அதுக்கு ஃபாரம் இல்லீங்க" என்றார். பதிவேட்டில் மேய்ச்சல் நிலம் என்றே இருக்கட்டும் என்று சொல்லி, வேப்பமர நிழலில் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பொங்கியண்ணனுக்கு மட்டும் தூக்கம் போனது. வண்டியில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று சகாயத்தை விட்டு அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தார். சகாயத்தின் மேலேயே சந்தேகப்பட்டு அவனுடைய தூக்குப் போசியைத் திறந்து பார்த்தார், பழைய சோறும் சுண்டவற்றலும் இருந்தன. கருப்பணன் காட்டின் ஓரத்தில் ஓர் அரை மணி நேரம் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே தரை பலகை மாதிரி சமமாக வந்தது. கருப்பணன் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. "இன்னிக்கு சமமா இருக்குது. நாளைக்கு ஏதாச்சும் மொளச்சா நான் ஆர்கிட்ட போய்ச் சொல்றது? இந்தப் பக்கம் கொண்டு வராதீங்" என்று சொல்லி வேலியைச் சாத்தினார். அதோடு வாடகைக்கு ஓட்டலாம் என்ற நினைப்பும் போயிற்று.

ஒன்பதாவது வீடு வந்த அன்றைக்குத் தெய்வாத்தாள் சோறு கொண்டுவந்தவள், லீவர் பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள்.

"ஏனுங், இதென்ன கயிறு?"

"வண்டியோட வந்தது."

"பிடிகயித்தோடயா வாங்கியாந்தீங்?"

தெய்வாத்தாள் போசியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"மாடா இருந்தா பழைய வீட்டத் தேடிப் போயிருக்கும். இதுக்குப் போய் நிக்கறதுக்கு வீடே இல்லீங், இதுவே இடிச்சுப்போட்டிருக்கும். அதான் வீட்ட இங்க கொண்டாந்துருச்சு."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து வருஷமாகப் பேசிய முருங்கைக்காடு அந்தச் சுவர்களுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னாள். நாலு ஏக்கரில் தெரு எங்காவது முடியத்தானே வேண்டும், முடிந்த பிறகு மிஞ்சுவது நமக்கு என்று பொங்கியண்ணன் பிடிவாதமாக ஓட்டச் சொன்னார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வந்துகொண்டே இருந்தன வீடுகள், மாட்டுக்கொட்டில்களும் குப்பைக்குழிகளும் உரல்களும் ஒரு பொதுக்கிணறுமாக. பதினாறாவது வீடு முடிந்தபோது கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் காடு போயிருந்தது.

அப்போதுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் நல்லம்மாள் என்கிற அறுபது வயசுக்காரி. ஆடு ஒன்று காணோம், இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டாள். தேடுகிற சாக்கில் தெருவுக்குள் போனவள் ஏழாவது வீட்டு வாசற்படிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள், எழவே இல்லை. மறுநாள் காணாமல்போன கோழியைத் தேடி இரண்டு பேர், அதற்கு மறுநாள் ஒன்றையும் தேடாமல் ஒரு வேன் நிறைய. எல்லாரும் எல்லக்காட்டுப் பதினேழு வீட்டுத் தெருக்காரர்கள். ஏதோ ஓர் ஆலை வரப்போகிறதென்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காலி பண்ணச் சொன்னார்கள். கூரை ஓடுகளையும் கதவையும் கதவு மாட்டியிருந்த நிலவுச் சட்டத்தையும் கழற்றிக்கொண்டு அவரவர் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போனார்கள். ஆலை இன்றுவரை வரவில்லை, அங்கே கருவேலந்தான் வந்திருக்கிறது என்றார்கள்.

பொங்கியண்ணன் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. அடுத்தவன் மாட்டைத் தன் மாடு என்று சொல்லி அழுகிறவர்களைச் சந்தையில் நூறு பேரைப் பார்த்தவர் அவர். அதற்கு அங்கே ஒரு முறை உண்டு: மாட்டை அவிழ்த்துவிட்டு, சொந்தம் கொண்டாடுகிறவரைத் தூரத்தில் நிறுத்தி, மாடு யாரிடம் போகிறதென்று பார்ப்பார்கள். வீடு நடக்காது. அதனால் ஆட்களை நடக்கவிடுவதென்று முடிவு செய்தார். ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டார். ஊரும் அவர் மேலேயும் வந்தவர்கள் மேலேயும் சமமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்து நின்றது.

"ஒவ்வொருத்தரும் கண்ணக் கட்டிக்கிட்டுத் தெருமொனைல இருந்து நடந்து அவங்கவங்க வீட்டுக்குள்ள போங்க. கால் தடுக்கினா, சுவத்துல இடிச்சா, உங்க வீடு இல்லைன்னு அர்த்தம்."

நல்லம்மாளின் கண்ணைத் தெய்வாத்தாளே கட்டினாள். நல்லம்மாள் கையை முன்னால் நீட்டக்கூட இல்லை. விறுவிறுவென்று நடந்தாள், கிணற்று மேடையை விலகினாள், வேப்பமரத்து வேரைத் தாண்டிக் கால் வைத்தாள், ஏழாவது வீட்டுக்கு நேரே திரும்பினாள். படியில் ஏறி உள்ளே போகும்போது தலையைக் குனிந்தாள். இடுப்பளவு சுவருக்கு மேலே வெறும் வெயில்தான் இருந்தது, நிலவும் இல்லை, கூரையும் இல்லை. இல்லாத அந்த நிலவில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போய், நிமிர்ந்து நின்று, கட்டை அவிழ்த்துக்கொண்டாள்.

மற்ற பதினைந்து வீட்டுக்காரர்களும் அப்படியேதான் போனார்கள், அவரவர் உயரத்துக்கு ஏற்பக் குனிந்து. பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பொய்யாக இருந்திருந்தால் விரட்டியிருக்கலாம். உண்மையாகப் போய்விட்டதே. ஆயுசில் முதல்தடவையாக ஓர் ஆளை, நல்லம்மாளை, முழுசாக நம்பியிருந்தார், அதற்கு விலை அவர் காடு.

மறுநாள் காலையில் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு கரூர் ரோட்டுக்குப் போனார். கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வண்டி பழைய வீட்டை மறந்துவிடும். வண்டி மறந்தால் தெரு போய்விடும், காடு காடாகிவிடும். அதற்குமேல் யோசிக்கக் கூடாது என்று பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு போனார்.

வையாபுரி காலியான கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். பொங்கியண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க என்று கூடச் சொல்லவில்லை.

"கதவு வந்துருச்சுங்களா?"

"எந்தக் கதவு?"

"கடைசி வீடுங். தெக்கத்திக் கோடில."

"பதினாறுதான் வந்திருக்குது" என்ற பொங்கியண்ணனுக்கு, சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. முப்பது வருஷத் தரகர் அல்லவா. கொடுக்கமாட்டேன் என்று ஒருத்தர் இழுத்தால் எதிராளி அதைத்தான் கேட்பான். சந்தையில் பொடிப்பையன்கள்கூடச் செய்கிற வித்தை.

"கயிறு தரமாட்டேன்னு சொன்னா நான் கயித்தோடதான் கேப்பேன்னு தெரிஞ்சு சொன்னீங்களா?"

"ஆமாங்" என்றார் வையாபுரி. மறைக்கவில்லை. "அந்தத் தெருக்காரன் தானுங் நானும். எங்க வண்டி போகாட்டி வேற வண்டி போகும்னு சொன்னாங்க, நானே ஓட்டிப்போட்டேன். அவிய எல்லாம் கதவக் கழட்டிக்கிட்டுப் போனாங்க. எங்கூட்டக் கழட்ட மனசு வரல. பூட்டுனபடியே தள்ளிப்போட்டேன். எங்கிட்ட இருக்கறவரைக்கும் வண்டி ஒண்ணும் செய்யலீங், அதுக்கு நான் இருக்கற எடந்தான் வீடு. வித்தாத்தான் தேடும், அதுவும் வாங்கறவரே கேட்டுக் கயித்தோட வாங்குனாத்தான். உங்களுக்கு முந்தி ஆறு பேர் வந்தாங்க. எல்லாரும் என்னைய நம்பி, கயிறு உங்ககிட்டயே இருக்கட்டும்னு சாவிய மட்டும் கேட்டாங்க. வண்டிய விக்கலைன்னு அனுப்பிச்சுட்டேன்."

நம்பாத ஆள் ஒருவர் வரட்டும் என்று ஒன்பது வருஷம் காத்திருந்திருக்கிறார். பொங்கியண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் சந்தேகத்தையே மூக்கணாங்கயிறாகப் போட்டு என்னை இழுத்துவிட்டானே என்று மனசுக்குள் வைதார். அதற்கு அடியில், எவ்வளவு சுத்தமான தரகு என்று ஒரு மூலையில் மெச்சிக்கொள்ளவும் செய்தார்.

"என்ற காடுங்க அது. எனக்கும் அவளுக்கும் வேற ஒண்ணும் இல்லீங்" என்றார்.

"தெரியுமுங். பாவந்தான் பண்ணீட்டேன்." வையாபுரி வலதுகையை நீட்டினார். "கயிறக் குடுங்க. வாங்கிக்கறேன். எல்லாம் சமமாயிரும்."

பழக்கதோஷத்தில் பொங்கியண்ணன் துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டு, கயிற்றோடு தன் கையை உள்ளே விட்டார். துண்டுக்குள் எத்தனையோ கைகளைப் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு கையும் ஏதாவது கேட்கும், ஏதாவது மறைக்கும், குறைந்தபட்சம் வியர்க்கும். இந்தக் கை ஒரு விரலையும் மடக்காமல், ஒன்றும் கேட்காமல் மல்லாந்து கிடந்தது. நல்லம்மாள் தலை குனிந்து படியேறியது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பிறகு பொங்கியண்ணன் கயிற்றோடு கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"பஸ் வர்ற நேரமாச்சு. நீங்களும் கெளம்புங்க" என்றார்.

மதியம் மூன்று மணிக்குச் சகாயம் தென்கோடி மேட்டைத் தள்ளினான். ஒரே தள்ளலில் பதினேழாவது வீடு வந்தது, மற்ற வீடுகளைப்போல இடுப்பளவாக இல்லாமல், ஓட்டுக்கூரையோடு, நிலவோடு, கதவோடு, கதவில் பூட்டோடு. பதினாறு வீட்டுக்காரர்களும் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒன்பது வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களில் கிடந்த கதவுகளை அதற்குள் வேனில் கொண்டுவந்து சுவரோரம் சாத்தியிருந்தார்கள். கூடவே வந்திருந்த வையாபுரி, பொங்கியண்ணன் கொடுத்த இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு பூட்டுக்கு முன்னால் நின்றார், திறக்கக் கை வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

நல்லம்மாள் தன் படியிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து வந்தாள்.

"எங்கூட்ட இடிக்கறப்ப நீ வண்டிய விட்டுக் கீழ எறங்கவே இல்ல, வையாபுரி."

"ஆமாங்க்கா."

"தண்ணி வேணுமான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"ஆமாங்க்கா."

அவள் அவர் கையைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். வையாபுரி சாவியைப் போட்டுத் திருகினார். துரு உதிர்ந்து பூட்டுத் திறந்தது.

"நெலவு தணிவு" என்றாள் நல்லம்மாள். "குனிஞ்சு போ."

அவர் குனிந்தார். மற்றவர்கள் குனிந்ததைவிட அதிகமாக, இடுப்பு மடிய, தலை படியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து உள்ளே போனார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

பொங்கியண்ணன் கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம் மிஞ்சிக் கிடந்த நிலத்துக்குப் போனார். ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காலால் அளந்தார். நம்பாமல் திரும்பவும் அளந்தார். தெய்வாத்தாள் வரப்பில் வந்து நின்று, "எத்தன செடி வைக்கலாமுங்?" என்று கேட்டாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று ஏக்கர் போனதற்காகத்தான் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. அவளும் பக்கத்தில் நின்று அழுதாள். சகாயம் எஞ்சினை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பதினேழு வீட்டிலும் பால் காய்ச்சினார்கள். நல்லம்மாள் முதல் பாலை ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டுவந்து, வண்டியின் செயின்மேல் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணனிடம் நீட்டினாள். எங்கே வாங்கிய பாலோ, எத்தனை தண்ணீர் கலந்ததோ. வழக்கம்போல அவருடைய ஆட்காட்டி விரல் சொம்பின் விளிம்புவரைக்கும் போனது. தெய்வாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரலை மடக்கிக்கொண்டு, சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.